பங்குனி பிறந்ததும் பீரோவைத் திறக்கிறோம்

பங்குனி மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று பீரோவைத் திறந்து, துணிகளையெல்லாம் கட்டிலின்மேல் இறக்கி, அடுக்கி மாற்றுவது எங்கள் வீட்டில் அம்மாயி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி, தொடங்கிவைத்த வழக்கம். மார்கழியிலும் தையிலும் கட்டிய கனமான பட்டுகளும் பொங்கலுக்கு எடுத்த அடர்ந்த நிறச் சேலைகளும் மேல் தட்டுக்குப் போய்விடும். வெளுத்து மெலிந்த பருத்திச் சேலைகளும், அரைக்கைச் சட்டைகளும், மல்மல் என்னும் மெல்லிய பருத்தித் துப்பட்டாக்களும் கைக்கு எட்டும் தட்டுக்கு இறங்கிவரும். சேலம் அம்மாப்பேட்டையில் தறிச்சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த அம்மாயி, ஒவ்வொரு சேலையையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, இது கத்திரி வெயிலுக்கு ஆகும், இது ஆகாது என்று பிரித்துவைப்பார். இப்போது அவரால் அதிக நேரம் நிற்க முடிவதில்லை என்பதால், இந்த ஆண்டு அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பிரித்துவைத்தேன். அப்போது அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றையும், இந்த வேனிலுக்காக நான் மனத்தில் சேர்த்துவைத்திருக்கும் உடை யோசனைகளையும் இங்கே எழுதுகிறேன்.

வசந்த கால, கோடைக் கால உடைகள் என்று இதழ்களிலும் இணையக் கடைகளிலும் நாம் பார்ப்பவை பெரும்பாலும் பாரிஸ், மிலான், லண்டன், நியூயார்க் ஆகிய நகரங்களில் முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மேடையேறியவற்றின் சாயலில் அமைந்தவை. அந்த ஊர்களில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பனி விலகினாலும் குளிர் முழுமையாக விலகுவதில்லை. ஆகவே அங்கே வசந்த உடை என்றால் மெல்லிய மேல்கோட்டும் முழுக்கைச் சட்டையும் அதில் இடம்பெறுவது இயல்பு. நம் முன்னோர் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்றும், ஆனியையும் ஆடியையும் முதுவேனில் என்றும் பிரித்தார்கள். ஆனால் சேலத்தில் பங்குனி பாதியைத் தாண்டும்போதே பகல் பதினோரு மணிக்குத் தார்ச்சாலை கண்ணைக் கூசவைக்கத் தொடங்கிவிடுகிறது. மே மாதத் தொடக்கத்திலிருந்து கடைசி வாரம் வரை கத்திரி வெயில் வேறு. அந்தப் படங்களிலிருந்து நிறச் சேர்க்கையையும் தளர்வான வெட்டையும் எடுத்துக்கொள்ளலாம், துணியை மட்டும் நம் ஊரிலேயே தேட வேண்டும் என்பது பல கோடைகளைக் கடந்தபின் நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. தறிகள் நிறைந்த ஊரில் பிறந்திருப்பதால் அந்தத் தேடல் நமக்குக் கடினமானதும் அன்று.

துணி ஏன் முதலில் வர வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உடலின் சூட்டைத் தணிப்பது வியர்வை அன்று, அது ஆவியாகும் செயல்தான். தோலின்மேல் உள்ள ஈரத்தைத் துணி உறிஞ்சி வெளிக்காற்றில் விட்டால்தான் உடல் குளிரும். நூறு கிராம் எடையுள்ள, முற்றிலும் உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலிருந்து ஏறத்தாழ எட்டரை கிராம் ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பட்டு சுமார் 11 கிராமும், லினன் சுமார் 12 கிராமும் ஏற்கும். பாலியெஸ்டரோ அரைக் கிராம்கூட ஏற்பதில்லை. சேலத்தின் வெயில் சென்னையின் வெயிலைப் போலப் பிசுபிசுப்பானது அன்று. காற்றில் ஈரம் குறைவு. வியர்வை விரைவில் உலரும் வாய்ப்பை இந்த ஊரின் காற்று நமக்குத் தருகிறது, அதைத் தடுக்காத துணியை உடுத்துவது மட்டுமே நம் பங்கு.

இதை நான் ஏட்டில் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்டேன். சென்ற சித்திரையில் உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக, வெளிர்ப் பச்சை உடலும் மாந்தளிர் நிறக் கரையும் கொண்ட சேலை ஒன்றை வாங்கினேன். முழுக்க முழுக்கப் பருத்தியும் பட்டும் கலந்து நெய்தது என்று கடையில் உறுதியாகச் சொன்னார்கள். விலையும் அதற்கு ஏற்றபடியே இருந்தது. அதிகாலை முகூர்த்தத்துக்கு உடுத்திய அந்தச் சேலையை மாலை மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து அவிழ்த்தபோது, இடுப்பைச் சுற்றிலும் முழங்காலுக்குப் பின்புறத்திலும் வேர்க்குரு சிவந்து கிடந்தது. அம்மாயி ஒன்றும் பேசாமல் சேலையின் முந்தானை ஓரத்தை இழுத்து, நீளவாட்டில் ஓடும் பாவிலிருந்து ஒரு நூலையும் குறுக்குவாட்டில் ஓடும் ஊடையிலிருந்து ஒரு நூலையும் உருவி, விளக்குச் சுடரில் தனித்தனியாகக் காட்டினார். ஊடை நூல் காகிதம் எரிவதுபோல மணத்துடன் எரிந்து, ஊதினால் பறக்கும் சாம்பலானது. பாவு நூல் எரிவதற்கு முன்பே சுருண்டு, உருகி, நுனியில் கடுகளவு கருமணியாக இறுகிவிட்டது. அந்த மணியை நகத்தால் நசுக்கவும் முடியவில்லை. “எடுக்குறப்பவே ரெண்டு நூல உருவிக் கொளுத்திப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே கண்ணு” என்றார். பருத்தி காகித மணத்தோடும், பட்டு முடி பொசுங்கும் மணத்தோடும் எரியும். செயற்கை இழை உருகி மணியாகும். அன்றிலிருந்து சேலை எடுக்கச் செல்லும்போது கடைக்காரரிடம் கேட்டு ஓரத்து நூலை உருவி வாங்கிக்கொண்டு, வெளியே வந்து பார்த்த பிறகே பணம் கொடுக்கிறேன். நல்ல கடைக்காரர் யாரும் இதற்கு முகம் சுளித்ததில்லை.

இளம்பிள்ளைக்குப் போய்ச் சேலை எடுப்பவர்களுக்கு இது இன்னும் பயன்படும். சேலத்திலிருந்து சற்றே தொலைவில் உள்ள அந்த ஊரின் தெருக்களில் சேலைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன. வெளியூர் வியாபாரிகள் மூட்டை மூட்டையாக எடுத்துச் செல்கிறார்கள். அங்கே விசைத்தறியில் நெய்த செயற்கைப் பட்டும் உண்டு, நல்ல பருத்தியும் உண்டு. இரண்டும் ஒரே பளபளப்புடன் ஒரே அலமாரியில் அடுக்கப்பட்டிருக்கும். விலை மலிவு என்பதற்காக மட்டும் எடுக்காமல், பாவு என்ன நூல், ஊடை என்ன நூல் என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். கைத்தறிதான் வேண்டும் என்பவர்கள், 2006இல் மத்திய அரசு கொண்டுவந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸின் விற்பனை நிலையங்களிலும் எடுக்கலாம்.

அடுத்தது நூலின் நம்பர். நெசவாளர்கள் 60ஆம் நம்பர், 80ஆம் நம்பர், 100ஆம் நம்பர் என்று சொல்வதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். 840 கஜ நீளத்துக்குச் சுற்றிக் கட்டிய நூற்சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை நிற்கின்றனவோ அதுவே அந்த நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். 80ஆம் நம்பர் நூலில் ஒரு பவுண்டை, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைந்த எடையை, ஒரே இழையாக நீட்டினால் 61 கிலோமீட்டருக்கு மேல் போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த அன்று எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் தீரவில்லை, ஏனென்றால் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறிப் போய்த் திரும்பி வரும் தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். அன்றாடம் உடுத்த 60ஆம் நம்பரும், அலுவலகத்துக்கு 80ஆம் நம்பரும், கத்திரி நாட்களில் வெளியே போக 100ஆம் நம்பரும் ஏற்றவை என்பது என் அனுபவம். அதற்கும் மேலே போனால் துணி மிக மெல்லியதாகிவிடுவதால் உள்பாவாடையின் நிறத்தையும் பார்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தபோது, என்னிடமுள்ள 80ஆம் நம்பர் சேலை 420 கிராமும், என் திருமணப் பட்டு 900 கிராமுக்கு மேலும் இருந்தன.

கஞ்சியைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். மொடமொடப்பான கஞ்சி போட்ட சேலையின் மடிப்பழகு எனக்கு மிகவும் பிடித்தமானது, ஆனால் கஞ்சி நூலின் இடைவெளிகளை அடைத்துக்கொள்வதால் காற்றுப் போவதும் வியர்வை உறிஞ்சப்படுவதும் குறைகின்றன. ஆகவே பங்குனி வரை வடிகஞ்சியில் முக்கியெடுக்கும் சேலைகளை, சித்திரை பிறந்ததும் பாதிக்கும் மேல் தண்ணீர் சேர்த்த கஞ்சியில் ஒரே ஒரு முறை அலசி எடுக்கிறேன். கத்திரி நாட்களில் கஞ்சியே போடுவதில்லை. புதுச் சேலையில் தறிக் கஞ்சி இருக்கும் என்பதால், வாங்கியதை இரண்டு முறையாவது தண்ணீரில் அலசி உலர்த்திய பிறகு உடுத்தினால்தான் அதன் உண்மையான மென்மை தெரியும்.

இவ்வளவு கவனமாகச் சேலையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஜாக்கெட்டில் கோட்டைவிடுபவர்கள் பலர். சேலை உடம்பைத் தளர்வாகச் சுற்றியிருக்கிறது. ஒட்டிக்கொண்டிருப்பதும் முதுகிலும் அக்குளிலும் வியர்வையைத் தாங்குவதும் ஜாக்கெட்தான். மேல் துணி பருத்தியாக இருந்தாலும், உள்ளே கொடுக்கும் லைனிங் துணி செயற்கை இழையாக இருந்தால் அத்தனை பாடும் வீண். தையல்காரரிடம் பருத்தி லைனிங்தான் வேண்டும் என்று சொல்லுங்கள். இயன்றால் அதை நீங்களே வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுக் கொடுங்கள். ஊறவைக்காத லைனிங் முதல் சலவையில் சுருங்கி மேல் துணியை இழுத்துக்கொள்வதால் தையல் முழுவதும் கோணிவிடும். அக்குள் சுற்றளவை வழக்கத்தைவிட அரை அங்குலம் கூட்டியும், கையை முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே நிற்கும்படியும் தைக்கச் சொல்வது இந்தக் கோடையில் நான் செய்திருக்கும் மாற்றம். கையில்லாத ஜாக்கெட்டைவிட இந்தத் தளர்வான அரைக்கையே எனக்கு இதமாக இருக்கிறது, வெயில் நேரடியாகத் தோளில் படுவதுமில்லை.

இனி நிறங்களுக்கு வருகிறேன். எழுதும்போதே மகிழ்ச்சி தரும் பகுதி இது. இந்தப் பருவத்துக்கான நிறங்களை வெளியே தேட வேண்டிய தேவையே நமக்கு இல்லை. பங்குனியில் வேப்பமரத்தடியில் நின்று மேலே பார்த்தால், கொழுந்து பச்சையாக இருப்பதில்லை. செம்பும் இளஞ்சிவப்பும் கலந்து, ஒளி ஊடுருவும் ஒரு நிறத்தில் இருக்கிறது. அதற்கு இரண்டு வாரம் கழித்து அதே கிளையில் வெண்மையான பூங்கொத்துகள் வந்துவிடுகின்றன. அந்தச் செம்பு நிறச் சேலைக்கு வேப்பம்பூவின் வெண்மையில் ஜாக்கெட் அணிவது இந்த ஆண்டு நான் முதலில் செய்யப்போகும் சேர்க்கை. புங்கமரம் இலையை உதிர்த்துத் தளிர்க்கும்போது, எண்ணெய் தடவியதுபோல மின்னும் அந்த இளம்பச்சையை வேறு எந்த மரத்திலும் நான் கண்டதில்லை. அதற்குப் பழுப்புக் கரை மிகப் பொருந்தும். சித்திரையில் சரக்கொன்றையின் மஞ்சள் வருகிறது, வைகாசியில் மாம்பழத்தின் மஞ்சள் வருகிறது, இரண்டும் ஒன்றல்ல. கொன்றை மஞ்சள் எலுமிச்சையை நோக்கிச் சாய்வது; சேலத்து மல்கோவாவின் மஞ்சள் ஆரஞ்சை நோக்கிச் சாய்வது. மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் இரண்டாவது மஞ்சள் எப்போதும் எடுப்பாக இருக்கும். கறுத்த நிறத்தவர் வெளிர் நிறம் உடுத்தக் கூடாது என்று சொல்லிச் சொல்லியே நம் பெண்களில் பலரை மங்கலான நிறங்களுக்குள் அடக்கிவிட்டார்கள். அந்தப் பேச்சை நான் முற்றாக மறுக்கிறேன். கறுத்த தோளின்மேல் விழும் மாம்பழ மஞ்சளையும் தூய வெள்ளையையும்விட அழகான சேர்க்கையை நான் பார்த்ததில்லை.

வெள்ளையிலும் பல வெள்ளைகள் உண்டு. நகரத்தின் வடக்கே வெட்டியெடுக்கப்படும் மாக்னசைட் கனிமத்தின் வெள்ளை சுண்ணாம்பு போல வறண்டது. மலைமேல் காப்பிப் பூவின் வெள்ளை பாலாடை கலந்தது. சொட்டு நீலம் போட்ட வேட்டியின் வெள்ளை வானத்தின் சாயல் கொண்டது. கடையில் ஒரே வெள்ளையாகத் தெரியும் துணிகளை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஜாக்கெட்டும் சேலையும் வெவ்வேறு வெள்ளையாக இருந்தால் ஒன்று அழுக்கானதுபோலத் தோன்றும் என்பதால் இந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வது நல்லது. நிறங்களுக்குத் தரப் பெயரும் எண்ணும் கொடுக்கும் பான்டோன் நிறுவனம் 2025ஆம் ஆண்டின் நிறமாக மோக்கா மூஸ் என்ற பழுப்பைத் தேர்ந்தெடுத்தபோது, அது எனக்குப் பால் ஊற்றிய காப்பியின் நிறமாகவே தோன்றியது. 1820களில் சேலத்தின் ஆட்சியராக இருந்த காக்பர்ன், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இந்த மாவட்டத்துக்கு நெருக்கமான நிறம் அது. வெளிர்ப் பழுப்பை உடலாகவும் பாலாடை வெள்ளையைக் கரையாகவும் கொண்ட பருத்திச் சேலை ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன், இதுவரை கிடைக்கவில்லை.

கோடையில் கறுப்பு உடுத்தலாமா என்று தங்கை கேட்டாள். கறுப்பு வெப்பத்தை அதிகம் உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் பாலைவனத்துப் பெடோயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்து 1980இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியான கட்டுரை, துணி உறிஞ்சிய கூடுதல் வெப்பம் தளர்வான அங்கிக்குள் காற்றோட்டத்தால் தோலை அடையும் முன்பே கலைந்துவிடுகிறது என்றும், வெள்ளை அங்கி அணிந்தவருக்கும் கறுப்பு அங்கி அணிந்தவருக்கும் தோலை வந்து சேரும் வெப்பம் ஒரே அளவுதான் என்றும் கண்டது. ஆகவே தங்கைக்கு நான் சொன்ன விடை, கறுப்பு வேண்டுமானால் தொளதொளப்பாகத் தைத்துக்கொள் என்பதே. உடம்பைப் பிடிக்கும் கறுப்பு லெக்கிங்ஸை மட்டும் ஆனி முடியும் வரை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அவளுக்காக யோசித்த உடைகள் பெரும்பாலும் இந்தத் தளர்வை ஒட்டியவையே. கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருபவள் என்பதால், முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் நேர்வெட்டுக் குர்தா, இரு பக்கமும் இடுப்பு வரை திறப்பு, அதற்குக் கீழே அகலமான பலாசோ அல்லது பருத்தியில் தைத்த நேர் பேன்ட், மேலே இரண்டரை மீட்டர் மல்மல் துப்பட்டா. துப்பட்டாவைப் பாலியெஸ்டர் ஷிஃபானில் எடுத்தால் தலையில் போட்டுக்கொள்ளும்போது வழுக்கிக்கொண்டே இருக்கும். மல்மலோ தலையிலேயே தங்கும், நனைத்துப் பிழிந்து கழுத்தில் போட்டுக்கொண்டால் நிறுத்தத்தில் நிற்கும் அரைமணி நேரமும் குளிர்ச்சி தரும். அம்மாவின் பழைய பருத்திச் சேலைகள் இரண்டில் கிழியாத பகுதியை வெட்டி, அவளுக்கு நீளப் பாவாடை ஒன்றும் சட்டை ஒன்றும் தைத்தோம். பத்தாண்டு வெளுத்த துணியின் மென்மை எந்தப் புதுத் துணியிலும் கிடைப்பதில்லை. கரையை வீணாக்காமல் பாவாடையின் அடியில் வரும்படி வெட்டியதால் கடையில் எடுத்த உடை போலவே இருக்கிறது.

சித்திரை, வைகாசித் திருமணங்களுக்குப் பட்டு உடுத்தித்தான் ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால், சரிகை குறைந்த, மெல்லிய கரை கொண்ட பட்டைத் தேர்ந்தெடுங்கள். பட்டு நூல் ஈரத்தை நன்றாகவே ஏற்கும். கனத்தையும் சூட்டையும் கூட்டுவது அகலமான சரிகைக் கரையும் அடுக்கடுக்கான நகையுமே. கழுத்து நகையைக் குறைத்துக்கொண்டு, காதில் ஒரு ஜிமிக்கியும் காலில் சேலத்து வெள்ளிக் கொலுசும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு எடுக்கும்போது கோடைக்கென்று முத்துகள் குறைந்த, காலோடு ஒட்டாமல் தொங்கும் மெல்லிய வகையைக் கேட்கிறேன், ஏனெனில் வியர்வையில் பட்டையான கொலுசு கணுக்காலை அறுக்கும். பூவுக்கு இந்த மாதங்களில் பஞ்சமே இல்லை. மல்லிகை மிகுதியாகப் பூக்கும் காலம் இதுதான் என்பதால், காலையில் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குப் போனால் மணம் தெருவரை வந்து நிற்கும். வெள்ளை மல்லிகைச் சரம் ஒன்று இருந்தால் எந்த எளிய பருத்திச் சேலையும் விசேஷத்துக்கு ஏற்றதாகிவிடும்.

வீட்டு ஆண்களைப் பற்றி எழுதாமல் விட்டால் அப்பா வருத்தப்படுவார். கோடைக்கு வேட்டியைவிடச் சிறந்த உடையை யாரும் கண்டுபிடித்ததில்லை. வீட்டிலும் கடைத்தெருவிலும் நாலு முழமும், விசேஷங்களுக்கு எட்டு முழமும் போதும். சட்டையைத் தைக்கும்போது பருத்தி அல்லது லினனில் அரைக்கையாக, பையை மட்டும் சற்று ஆழமாக வைத்துத் தைத்தால் வெளுத்த நீலம், சாம்பல், சந்தன நிறம் எல்லாமே வெள்ளை வேட்டிக்குப் பொருந்தும். மாப்பிள்ளைக்கும் மாமனாருக்கும் சேலம் வெண்பட்டு வேட்டியும் அங்கவஸ்திரமும் எடுக்கிறவர்கள், புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்த் துணி அது என்ற பெருமையோடு எடுக்கலாம். வியர்வையின் உப்பு பட்டு நூலை நாளடைவில் நலிவடையச் செய்யும் என்பதால், அங்கவஸ்திரத்துக்குள் மெல்லிய பருத்திப் பனியன் அணிவதும், மாலையிலேயே வேட்டியைக் காற்றாட விரித்துப் போடுவதும் அவசியம்.

இப்போது மலைக்கு வருவோம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறைவதால், கீழே 38 டிகிரியில் பேருந்து ஏறுபவர் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே இறங்கும்போது முப்பதில் இறங்குவார். அதிகாலையிலும் மாலையிலும் மஞ்சு இறங்கினால் அதற்கும் கீழே போகும். ஒரே நாளில் இரண்டு பருவங்களை உடுத்த வேண்டிய பயணம் இது. கனமான ஸ்வெட்டரைக் கீழேயிருந்தே அணிந்து வருபவர்கள் அடிவாரம் வரை வியர்த்து நனைந்து, அந்த ஈரத்துடனேயே மேலே குளிரில் நடுங்குவதை ஒவ்வொரு மே மாதமும் பார்க்கிறேன். உள்ளே அரைக்கைப் பருத்திக் குர்தா, பையில் கைத்தறிப் பருத்தியில் தைத்த முழுக்கை மேல்சட்டை, அதற்கும் மேலாக மெல்லிய கம்பளி ஷால் என்று மூன்று அடுக்காகப் பிரித்துக்கொள்வதே சரி. கம்பளி நூறு கிராமுக்கு சுமார் 16 கிராம் ஈரத்தை ஏற்றுக்கொள்வதால், மஞ்சில் நடந்தாலும் உடம்பில் ஈரம் தெரிவதில்லை. பதினைந்தாவது வளைவைத் தாண்டியதும் காற்றில் மாற்றம் தெரியும்; நான் மேல்சட்டையை அணிவது அங்கேதான்.

குளிர்ச்சியாக இருக்கிறது என்பதற்காக வெயிலை மறந்துவிடக் கூடாது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் அளவு சுமார் பத்து விழுக்காடு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதல்முறை படகுத் துறையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தபோது என் கழுத்தின் பின்புறம் மூன்று நாள் எரிந்தது. ஆகவே முழுக்கை, காலர் வைத்த கழுத்து, அகன்ற விளிம்புள்ள பருத்தித் தொப்பி ஆகியவை மலைக்கு வேண்டும். சேலை உடுத்திப் போக விரும்புபவர்கள் ஏரியைச் சுற்றியும் தோட்டங்களிலும் தாராளமாக நடக்கலாம். கிளியூர் அருவிக்கு இறங்க எண்ணினால் மட்டும் குர்தாவும் பேன்ட்டும், பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட மூடிய காலணியும் அணியுங்கள்.

மலைக்கு உடுத்தும் நிறங்களை நான் காப்பித் தோட்டத்தை மனத்தில் வைத்துத்தான் தேர்ந்தெடுக்கிறேன். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால், எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடிகள் ஒரே நேரத்தில் பூத்துவிடும். கிளை நெடுக, கணுவுக்குக் கணு, பஞ்சை ஒட்டிவைத்ததுபோல் வெண்பூ. மணமோ மல்லிகையை நினைவூட்டும். இரண்டு மூன்று நாளில் எல்லாம் வாடி உதிர்ந்துவிடும். மழைக்குக் காத்திருந்து, ஒருமுறைதான் சரியான நாளில் போய்ச் சேர முடிந்தது. அன்று நான் அணிந்திருந்தது கரும்பச்சைக் குர்தா. நிழல் மரங்களான சில்வர் ஓக்குகளின் சாம்பல் அடிமரங்களுக்கும் செடிகளின் பளபளக்கும் இலைகளுக்கும் நடுவில் எடுத்த படங்களில் என்னைத் தேட வேண்டியிருக்கிறது. பச்சை நிறைந்த இடத்துக்கு மாம்பழ மஞ்சள், செங்கல் சிவப்பு, பாலாடை வெள்ளை ஆகியவை எடுப்பாக இருக்கும். மே மாதக் கோடை விழாவுக்கும் மலர்க் கண்காட்சிக்கும் போகிறவர்கள் பூப்போட்ட உடையைத் தவிர்த்து ஒரே நிற உடை அணிந்தால், பாத்திகளின் அத்தனை நிறங்களும் அந்த உடைக்குப் பின்புலமாக அமையும்.

திரும்பி வந்தபின் செய்ய வேண்டியது சிறிய வேலைதான். வியர்வை பட்ட பருத்தியை மறுநாள் வரை கூடையில் போட்டுவைக்காமல் அன்றே குளிர்ந்த நீரில் அலசி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயவிட வேண்டும். உச்சி வெயிலில் காயவிட்டால் ஒரே பருவத்தில் நிறம் வெளுத்துவிடும். சேலத்தின் வறண்ட காற்றில் நிழலில் போட்டாலும் 80ஆம் நம்பர் சேலை ஒரு மணி நேரத்துக்குள் உலர்ந்துவிடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாயியை அழைத்துக்கொண்டு ஏற்காட்டுக்குப் போகிறோம். சென்ற வாரம் மலையில் மழை பெய்ததாகச் சொன்னார்கள். எனக்கு மாம்பழ மஞ்சள் குர்தாவையும், தங்கைக்கு அம்மாவின் சேலையில் தைத்த பாவாடையையும் எடுத்துவைத்துவிட்டேன். அம்மாயி தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே எழுந்து வந்து எடுத்தார்: கீழ்த் தட்டின் அடியிலிருந்து, கரை மட்டும் செம்பு நிறத்தில் மிஞ்சியிருக்கும் ஒரு வெள்ளைச் சேலை. இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, கட்டிலின்மேல் மடித்து வைத்திருக்கிறார்.